கறிக்கடைக்காரர் வாங்கிய சைவப் புத்தகம்

"கொஞ்சம் மெதுவாப் பேசுப்பா" என்று கெஞ்சினார் கறிக்கடைக்காரர்.

புத்தகக் கடைக்காரர் மெதுவாகத்தான் பேசினார். அவருக்கு வாய்த்த தொண்டை அப்படி. ரகசியம் சொன்னாலே தெருமுனை வரை கேட்கும். "சைவச் சமையல் புத்தகமா? உங்களுக்கா அண்ணே?"

அலமாரிகளுக்கு நடுவே நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாதிப் பேர் அவர் கடையில் கறி வாங்குகிறவர்கள். கறிக்கடைக்காரர் கைக்கு அகப்பட்ட மோட்டார் ரிப்பேர் புத்தகத்தை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். ஆள் வாசலை அடைக்கிற உருவம். புத்தகம் மூக்கை மட்டும்தான் மறைத்தது.

"எனக்கில்லப்பா. தெரிஞ்சவர் ஒருத்தருக்கு."

"எப்படிப்பட்ட புத்தகம் வேணுமாம் அவருக்கு?"

"அதுல சொல்ற சாமான் எல்லாம் நம்ம தெருவுலயே கிடைக்கணும். அவ்வளவுதான்."

"ஓ, தெரிஞ்சவரும் நம்ம தெருவா!" என்றார் புத்தகக் கடைக்காரர், தெருமுனை வரை.

விஷயம் இதுதான். மகன் கட்டிக்கொள்ளப் போகிற பெண், ஞாயிற்றுக்கிழமை மதியம் முதன்முதலாக வீட்டுக்குச் சாப்பிட வருகிறாள். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கரண்டியைப் பிடிப்பது கறிக்கடைக்காரர்தான். கல்யாணமான நாளிலிருந்து அந்த உரிமையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. எந்தத் துண்டை வறுப்பது, எதை வேகவைப்பது என்றெல்லாம் மனக்கோட்டை கட்டி வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் மனைவி, துணி மடித்தபடியே சொன்னாள்.

"என்னங்க, ஒரு விஷயம். அந்தப் பொண்ணு சைவமாம்."

"என்னது?"

"வாயில கறி படாதாம். அதனால என்ன, அன்னிக்கு நானே சமைச்சிடறேன். நீங்க சும்மா ஜம்முனு உக்காருங்க."

"முதல் முதலா நம்ம வீட்டுக்கு வர்ற பொண்ணு. நான் என் கையால போட வேணாமா?"

மனைவி மடித்த துணியைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். "சரி, எதுவா இருந்தாலும் வெளியில சொல்லிக்காதீங்க. பேச்சு இன்னும் முடியல. பொண்ணு சைவம், அசைவம்னு ஊர் வாயில விழ வேணாம்."

அவருக்கும் அது நியாயமாகவே பட்டது. ஆனால் மனசுக்குள் ஒரு பயம் புகுந்துகொண்டது. கறியே தொடாத பெண், கறிக்கடைக்காரன் வீட்டில் எப்படி ஒட்டுவாள்? முதல் நாளே தட்டைப் பார்த்து முகம் சுளித்துவிட்டால், அப்புறம் நல்ல நாள் பொல்லாத நாளுக்கு மட்டும்தான் வருவாள். அவள் வராவிட்டால் மகனும் வரமாட்டான். இருப்பது ஒரே பிள்ளை. அவனை ஒரு சாப்பாட்டில் கோட்டைவிட அவர் தயாராக இல்லை.

புத்தகக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்த புத்தகம் வழவழப்பான காகிதத்தில் கனமாக இருந்தது. அட்டையில் ஒரு தட்டு, தட்டில் ஏதோ பச்சையாக, அதன்மேல் ஏதோ வெள்ளையாக. பார்த்ததும் அவருக்கே நாக்கில் நீர் ஊறியது. வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு நேரே எதிர்ச் சாரியிலிருந்த காய்கறிக் கடைக்குப் போனார்.

காய்கறிக் கடைக்காரம்மா அவரைப் பார்த்ததும் வழக்கம்போல வெங்காயத்தை அள்ளப் போனாள்.

"வெங்காயம் இல்ல தங்கச்சி" என்று புத்தகத்தைப் பிரித்தார். "வெள்ளை அஸ்பாரகஸ் ஒரு கட்டு."

"எது?"

"சரி விடு. பைன் கொட்டை ஒரு கைப்பிடி."

"பைன் மரத்துக் கொட்டையா? அதுக்கு நான் மலை ஏறணும் அண்ணே."

"புகை போட்ட ஆட்டுப்பால் சீஸாவது இருக்கா?"

"ஆடு உங்க கடை அண்ணே" என்றாள் காய்கறிக் கடைக்காரம்மா.

மறுநாள் அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு ஒன்று வாங்கி வந்தார். எதைச் சமைத்தாலும் ஐந்தே பொருள்தான் என்று அட்டையிலேயே சத்தியம் செய்திருந்தது. முதல் நான்கும் நல்லபடியாக உருளைக்கிழங்கு, கேரட் என்று போயின. ஐந்தாவது பொருள், நாற்பதாம் பக்கத்துச் சாஸ். நாற்பதாம் பக்கத்துக்குப் போனால், அந்தச் சாஸுக்கு எழுபத்திரண்டாம் பக்கத்துக் காய்கறிச் சாறு வேண்டும். அந்தச் சாற்றுக்குப் பதினைந்தாம் பக்கத்து விழுது வேண்டும். பதினைந்தாம் பக்கத்தில், விழுதை நாற்பதாம் பக்கத்துச் சாஸில் ஊறவைத்துக்கொள்ளவும் என்று போட்டிருந்தது.

"எழுதினவன் இதைச் சமைச்சிருப்பான்னு நினைக்கறே?" என்று மனைவியிடம் கேட்டார்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. நான் சமைச்சிடறேங்க."

"நீ சும்மா இரு. இது எனக்கும் புத்தகத்துக்கும் நடுவுல."

கெட்டுப்போனது கடையில்தான். வாரம் தவறாமல் ஈரல் வாங்கும் புத்தகக் கடைக்காரர், அன்று கடைவாசலில் நின்று தலையைச் சொறிந்தார்.

"இந்த வாரம் ஈரல் வேணாம் அண்ணே."

"ஏன்?"

"நீங்களே கறியை விட்டுட்டீங்க. காரணம் இல்லாம விடுவீங்களா? உள்ளே என்ன நடக்குதுன்னு உங்களுக்குத்தானே தெரியும்."

பின்னால் நின்றிருந்தவர்கள் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். கறிக்கடைக்காரருக்கு வேர்த்துக்கொட்டியது. மருமகள் பேச்சை எடுக்கக் கூடாது. ஆனால் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"கறியில ஒண்ணும் இல்லப்பா! எனக்குத்தான். டாக்டர் சொன்னார்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்தவர்கள் யாரும் கறி வாங்கவில்லை. கையில் ஆப்பிளும் ஆரஞ்சுமாக வந்தார்கள். தையல்காரர் அவர் தோளைத் தட்டி, "மனசைத் தளர விடாதீங்க" என்றார். சலவைக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கறி வெட்டுகிற கட்டையின் மேல் பழங்கள் குவிந்தன.

"எனக்கு ஒண்ணுமில்லைங்க, கல்லுக்குண்டு மாதிரி இருக்கேன்" என்று அவர் சொல்லச் சொல்ல, "பாவம், இவருக்கு இன்னும் முழுசாச் சொல்லலை போலிருக்கு" என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வாய்ப்பேச்சு உதவாது, கண்ணால் பார்த்தால்தான் நம்புவார்கள் என்று முடிவு செய்தார். மறுநாள் காலை கடைவாசலிலேயே அடுப்பை வைத்து, ஒரு பெரிய துண்டை மிளகு தூவி வறுத்தார். கூட்டம் கூடியது. எல்லோரும் பார்க்க நடுவில் நின்று ஒரு வாய் கடித்தார். எப்போதும்போல மிளகைக் கைக்கு வந்தபடி போட்டிருந்தார். காரம் உச்சந்தலைக்கு ஏறியது. புரையேறி, கண் சிவந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

"தண்ணி கொடுங்க, தண்ணி!"

"பார்த்தீங்களா? உடம்பு ஏத்துக்கலை!"

எதிர்ச் சாரியில் அன்று சாயங்காலமே ஒரு கரும்பலகை முளைத்தது. 'கறிக்கடைக்காரரே காய் வாங்கும் கடை' என்று சாக்பீஸால் எழுதி, கீழே கோடும் போட்டிருந்தாள் காய்கறிக் கடைக்காரம்மா. அவள் கடையில் நிற்க இடமில்லை. இவர் கடையில் ஈ ஓட்டக்கூட ஈ இல்லை.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் விழுந்த கணவரைப் பார்க்க மனைவிக்குப் பாவமாக இருந்தது. "எல்லாம் என்னாலதான்" என்று முணுமுணுத்தாள்.

"நீ என்ன பண்ணினே? அந்தப் பொண்ணு சைவமா இருந்தா அதுக்கு நீ பொறுப்பா?"

அவள் வாயைத் திறந்தாள். என்ன நினைத்தாளோ, மூடிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

ஞாயிறுக்கு முதல் நாள், கடைசித் தடவையாகப் புத்தகக் கடைக்குப் போனார். ஒளிவதற்கு இனி ஒன்றுமில்லை. தெருவுக்கே தெரிந்த நோயாளி ஆகிவிட்டார். கடையிலிருந்த சைவப் புத்தகங்கள் எல்லாவற்றையும் இறக்கச் சொல்லி, தானே ஒவ்வொன்றாகப் பிரித்தார். படங்களைப் பார்க்கவில்லை. பொருள்களை மட்டும் படித்தார். தெருவில் கிடைக்காத பெயர் ஒன்று கண்ணில் பட்டால் மூடித் தள்ளினார்.

எல்லாமே தள்ளப்பட்டன. சோர்ந்துபோய் அவர் மேஜையில் சாயும்போதுதான் அதன் காலுக்கு அடியில் ஒரு மெல்லிய புத்தகம் தெரிந்தது.

"அது என்ன?"

"அது விக்கறதுக்கில்ல அண்ணே. மேஜை ஆடாம இருக்க முட்டுக் கொடுத்திருக்கேன். படம்கூடக் கிடையாது, யார் வாங்குவா?"

குனிந்து உருவினார். மேஜை சாய்ந்தது, புத்தகங்கள் சரிந்தன, அவர் கவலைப்படவில்லை. உருளைக்கிழங்கு, தக்காளி, வெங்காயம், பருப்பு, பூண்டு, முட்டைக்கோஸ். பக்கத்துக்குப் பக்கம் தேடினாலும் தெரியாத பேர் ஒன்றுகூட இல்லை. எழுதிய புண்ணியவதி தண்ணீர் எவ்வளவு, எவ்வளவு நேரம், எந்த அளவு தீ என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல்லியிருந்தாள்.

"எவ்வளவுப்பா?"

"நீங்க இருக்கிற நிலைமையில காசு வேற வாங்குவேனா? எடுத்துட்டுப் போங்க" என்றார் புத்தகக் கடைக்காரர். அவர் குரல் முதல் தடவையாகத் தாழ்ந்திருந்தது.

ஞாயிறு காலை, கறிக்கடைக்காரர் கடைத் தராசைக் கழுவி வீட்டுக்கு எடுத்து வந்தார். கறி என்றால் எல்லாம் அவருக்குக் கைத்திட்டம்தான். உப்பு இவ்வளவு என்று யாராவது சொல்லிக்கொடுத்தால் கோபம் வந்துவிடும். காய்கறியில் அவருக்குத் தைரியம் இல்லை. அதனால் புத்தகம் சொன்னதை அப்படியே செய்தார். வெங்காயத்தை நிறுத்துப் போட்டார். உப்பை நிறுத்துப் போட்டார். தீயைக் குறை என்றால் குறைத்தார், மூடி போடு என்றால் போட்டார். மனைவி வாசற்படியில் நின்று ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறையிலிருந்து அந்த வீட்டுக்குப் பழக்கமில்லாத ஒரு வாசனை வந்தது.

மகன் அந்தப் பெண்ணோடு வந்தான். சின்ன உருவம், பெரிய கண், மனதில் ஒன்றை வைத்துக்கொள்ளத் தெரியாத முகம். உட்கார்ந்ததும் மகன் தட்டைப் பார்த்துத் தயங்கினான். அவள் ஒரு வாய் எடுத்து வைத்தாள்.

கறிக்கடைக்காரர் கரண்டியைப் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்தார்.

அவள் நிமிரவில்லை. இன்னொரு வாய். அப்புறம் இன்னொன்று. தட்டை நீட்டி, "மாமா, அந்த உருளைக்கிழங்கு இன்னும் கொஞ்சம்" என்றாள். பருப்பும் கேட்டாள். முட்டைக்கோஸையும் விடவில்லை. மகன் சந்தேகமாக ஒரு வாய் வைத்தவன், அப்புறம் தலையை நிமிர்த்தவே இல்லை. விருந்தாளி ஒருவர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கியது அந்த வீட்டில் அதுதான் முதல் முறை. கறிக்கடைக்காரர் கரண்டியோடு அவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அம்மாடி, உனக்காக நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்ல" என்று ஆரம்பித்து, புத்தகம், ஆப்பிள், மிளகு, கரும்பலகை என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். மனைவி அவசரமாகத் தண்ணீர் கொண்டுவர எழுந்து போனாள். "ஆனா அதெல்லாம் போகுது. நீ வயிறாரச் சாப்பிட்டே பாரு, அது போதும். இனிமே நீ இந்த வீட்டுக்கு வரத் தயங்கவே வேணாம். ஒண்ணு முடிவு பண்ணிட்டேன். இன்னியிலிருந்து இந்த வீட்டுக்குள்ள கறியே வராது. ஜென்மத்துக்கும் சைவம்தான்!"

மகனுக்குப் புரையேறியது. உள்ளே டம்ளர் ஒன்று கீழே விழுந்தது. அந்தப் பெண் மட்டும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கலங்கிய கண்ணோடு அவரைப் பார்த்தாள்.

"ஐயோ மாமா, எனக்கு வறுத்த கோழின்னா உயிர், இவ்வளவு நல்லாச் சமைக்கிறவரைப் பத்தியா அத்தை எனக்குப் போன் பண்ணி, 'அவர் சமைக்கிற கறிகிட்டேர்ந்து தப்பிக்கணும்னா சைவம்னு சொல்லிடும்மா'ன்னாங்க?"