முத்து நிறத்தில் ஒரு டவல் ராடு

நெருப்பைக் கண்டுபிடித்தவன் பெயர் யாருக்கும் தெரியாது. சக்கரத்தைக் கண்டுபிடித்தவனும் தன் விலாசத்தைச் சொல்லாமலேயே போய்ச் சேர்ந்துவிட்டான். ஆனால் கழிவறைக் குழாய்க்கும் டவல் ராடுக்கும் எந்த உலோகப் பூச்சு உகந்தது என்ற கேள்விக்கு மனித குலத்தின் சார்பில் விடை கண்டவர் முத்துக்கரை உப்பு உற்பத்தியாளர் நலமன்றத்தின் தலைவர் செந்தூர்வேல் அவர்கள்தான் என்பதில் தூத்துக்குடியில் மாற்றுக் கருத்து கிடையாது. மாற்றுக் கருத்து உள்ளவர்களை மன்றம் வைத்துக்கொள்வதும் கிடையாது.

கடலுக்கு அப்பாலிருந்து இங்கே உப்பு வாங்கும் ஒரு கம்பெனி, தன் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு கேள்வி கேட்டதில்தான் எல்லாம் தொடங்கியது. “உங்கள் உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களுக்குக் கழிவறை உண்டா?” செந்தூர்வேல் இதைப் படித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டு இன்னொரு முறை படித்தார். அவருடைய தகப்பனார் காலத்திலிருந்து உப்பளம் நடக்கிறது. காற்று, வெயில், மழை, கூலி என்று எத்தனையோ பிரச்சினைகளை அந்தக் குடும்பம் சந்தித்திருக்கிறது. இப்படியொரு பிரச்சினை இருப்பதாக யாரும் அவரிடம் சொன்னதே இல்லை.

“என்னவே மாரிச்செல்வம், நம்ம பொம்பளைய எங்க போறாளுவ?” என்று மன்றச் செயலாளரைக் கேட்டார்.

“அங்கன உடங்காடு கெடக்குல்லா, தலைவரே. அதுக்குள்ள போவாளுவ.”

உடங்காடு என்பது உப்பளத்தை ஒட்டி அடர்ந்து கிடந்த சீமைக்கருவேல முட்புதர். செந்தூர்வேல் அதை இதுநாள்வரை விறகு என்று மட்டுமே நினைத்திருந்தார்.

அவர் இளகிய மனம் படைத்தவர். “மாதிரிப் பெண்கள் தூய்மை வளாகம்” ஒன்றைக் கட்டுவது என்று அன்றைக்கே தீர்மானம் போட்டார். சுவர் எழும்பியது. கூரை ஏறியது. தொட்டி, கோப்பை, கதவு எல்லாம் மளமளவென்று வந்து சேர்ந்தன. அடுத்த வாரம் ஓர் உப்பளத்துப் பெண் உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டிருக்கலாம். அந்த அவசரப் புத்தியிலிருந்து மன்றத்தைக் காப்பாற்றியவர், உள்ளலங்கார நிபுணர் ரெனிஷ்.

ரெனிஷ் செந்தூர்வேலின் சொந்த வீட்டுக் குளியலறையை வடிவமைத்தவர். அந்தக் குளியலறையைப் பார்க்கவே ஆறுமுகநேரியிலிருந்தெல்லாம் சொந்தக்காரர்கள் வருவதுண்டு. அவர் வளாகத்தைச் சுற்றிப்பார்த்துவிட்டு, மெல்லிய குரலில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“சார், ஃபினிஷ் என்ன?”

“முடிஞ்சிட்டே. குழாய மாட்டுனா சோலி தீர்ந்துச்சு.”

“அதில்ல சார். குழாய்க்கு என்ன ஃபினிஷ்? குரோமா, பிரஷ்டு நிக்கலா, மேட் பிளாக்கா, சாட்டினா, ரோஸ் கோல்டா? உப்புக்காத்துல நிக்கிற பில்டிங் சார் இது. பூச்சு தப்பாப்போனா எல்லாமே தப்பாப்போகும்.”

இவ்வளவு பெரிய விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டு நடந்திருக்கிறோமே என்று செந்தூர்வேல் தம்மையே நொந்துகொண்டார். வேலை அந்த நிமிடமே நிறுத்தப்பட்டது. “உலோகப் பூச்சுத் தேர்வுக் குழு” அமைக்கப்பட்டது.

குழு, மன்றத்தின் குளிரூட்டப்பட்ட அறையில் கூடியது. மேசைமேல் வெல்வெட் துணி விரித்து, குழாய்களும் டவல் ராடுகளும் நகைக்கடையில் வைப்பதுபோல் வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் மக்ரூன் தட்டு. உறுப்பினர்கள் ஒரு கையால் மக்ரூனையும் மறு கையால் குழாயையும் எடுத்துப் பார்த்தார்கள்.

“குரோம் வேண்டாம்” என்றார் மாரிச்செல்வம். “மூஞ்சி தெரியும். உள்ள போனவ மூஞ்சியப் பாத்துக்கிட்டே நின்னுட்டா வேல யாரு பாக்கது?”

இந்தக் கருத்தின் ஆழத்தை அவை தலையாட்டி உள்வாங்கிக்கொண்டது. குரோம் “உற்பத்தித் திறனுக்கு ஊறு விளைவிப்பது” என்று ஒதுக்கப்பட்டது.

கறுப்பு மேட் பூச்சின்மேல் ரெனிஷ் கொஞ்சம் உப்புத்தூளைத் தூவிக் காட்டினார். சுண்ணாம்பு தெளித்த யானைபோல் இருந்தது. அதுவும் போயிற்று. பிரஷ்டு நிக்கல் பார்வைக்கு ஏற்கெனவே கீறிக்கிடந்தது. “கீறித் தார சாமானத்துக்கா கூடுதல் வெல?” என்று ஒருவர் பொங்கினார். ஆன்டிக் பித்தளையைக் கையில் எடுத்த செந்தூர்வேல் முகம் சுளித்தார்.

“இது பழசுல்லா?”

“பழசு மாதிரி தெரியற புதுசு சார்.”

“பழசாத் தெரியுததுக்கு எதுக்கு புதுசு? உப்பளத்துல மாட்டுனா ஒரே மாசத்துல அதுவா பழசாயிரும்லா.”

“அது நிஜமான பழசு சார். அது அசிங்கம்.”

கூட்டம் முடிவின்றி முடிந்தது. அடுத்த கூட்டமும் அப்படியே. நாலாவது கூட்டத்தில் யாரோ, பயன்படுத்தப்போகிறவர்களின் கருத்தையும் கேட்டால் ஜனநாயகமாக இருக்கும் என்றார்கள். ஜனநாயகம் என்ற சொல்லைக் கேட்டாலே செந்தூர்வேல் நெகிழ்ந்துவிடுவார். மறுநாள் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த இசக்கிசெல்வியை வரப்புக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இசக்கிசெல்வி அந்த அளத்தில் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வேலை செய்பவள். தலையில் துண்டும் காலில் கிழிந்த ரப்பர் பூட்ஸும் கையில் நீளமான வாருபலகையுமாக வந்து நின்றாள். வெயில் உப்பில் பட்டுக் கண்ணைக் குத்தியது. குடைக்குக் கீழே நின்ற செந்தூர்வேல் அன்போடு கேட்டார்:

“ஏளா, ஒங்களுக்கு எந்தப் பூச்சு பிடிக்கும்? வெக்கப்படாமச் சொல்லு.”

இசக்கிசெல்வி கொஞ்சம் யோசித்தாள். “பூச்சியா அண்ணாச்சி? எங்களுக்கு ஒரு பூச்சியும் பிடிக்காது. போன மாசம் உடங்காட்டுல சுடலைமாடத்திய தேளு கொட்டிட்டு.”

“பூச்சி இல்லளா, பூச்சு. குழாய்மேல பூசுதது.”

“குழாயில தண்ணி வருமா அண்ணாச்சி?”

“அது வரும். நெறத்தச் சொல்லு.”

“தண்ணி வந்தாப் போதும். கதவுக்கு உள்தாப்பா இருக்கணும்.”

“தாப்பாளுக்கும் பூச்சு உண்டு” என்று ரெனிஷ் உற்சாகமாகக் குறுக்கிட்டார். “டவல் ராடு பத்தி என்ன நினைக்கிறீங்க? துண்டை எங்க போடுவீங்க?”

“எங்க துண்டு தலையிலதான கெடக்கும். அவுத்தா வெயிலு மண்டையப் பொளந்துரும்.” அவள் திரும்பிப் பாத்தியைப் பார்த்தாள். “அண்ணாச்சி, அந்தக் கதவத்தான் வச்சாச்சே. பூச்சப் பெறவு பூசுங்க. நாங்க இப்பமே போய்க்கிடுதோம். காலையிலேருந்து ஒருத்தியும் தண்ணி குடிக்கதில்ல. குடிச்சா போவணும்லா.”

செந்தூர்வேல் அவளைக் கனிவோடு பார்த்தார். அரைகுறையாக ஒன்றை மக்களுக்குக் கொடுப்பவர் அல்லர் அவர். “பொறு” என்றார். “ஒங்களுக்கு நல்லது செய்யத்தான ராப்பகலா மண்டையப் போட்டு ஒடைக்கோம்.”

“பயனாளிகளுக்குப் பூச்சு தொடர்பாகத் தனிப்பட்ட விருப்பம் ஏதுமில்லை, குழுவின் மேலான முடிவுக்கே விட்டுவிட்டனர்” என்று குழுவின் குறிப்பேட்டில் பதிவானது.

கத்திரி வெயில் வந்தது. குழு இரண்டாகப் பிளந்தது. ரோஸ் கோல்டு அணி, சாட்டின் அணி. ஒரே கல்யாண வீட்டில் இரண்டு அணியும் வேறு வேறு பந்தியில் உட்கார்ந்தன. செந்தூர்வேலுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் மனைவி முத்துக்கனி, “ஒங்களுக்கு ஒடம்புக்கு என்ன செய்யுது?” என்று கேட்டபோது, “ரோஸ் கோல்டா சாட்டினான்னு மனசு கெடந்து அடிக்குது” என்றார். அவள் சர்க்கரை மாத்திரையை எடுத்துவந்து கொடுத்தாள்.

அந்த வாரத்தில்தான் இசக்கிசெல்வி பாத்திக்குள் மயங்கி விழுந்தாள். முகம் உப்புத் தண்ணீரில் புதைந்துவிட்டது. சுடலைமாடத்தி முடியைப் பிடித்துத் தூக்கியிருக்காவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆஸ்பத்திரியில், உடம்பில் தண்ணீரே இல்லை, சிறுநீரில் கிருமி வேறு என்றார்கள். செந்தூர்வேல் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போய்ப் பார்த்தார். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. பேசத் தெம்பில்லாமல் படுத்திருந்தாள். அவர் பாட்டிலை அவள் தலைமாட்டில் வைத்தார். “ஏளா, தண்ணி குடிக்கக் கூடாதா?” என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தப் பார்வை அவரை உலுக்கிவிட்டது. காரில் ஏறியதுமே அவசரக் கூட்டத்துக்கு உத்தரவிட்டார். அவர் குரலில் அன்றைக்கு ஒரு தழுதழுப்பு இருந்தது. “ஒரு உசுரு ஊசலாடுது. இனியும் தாமதிச்சா நாம மனுசங்க இல்ல. இன்னைக்கே பூச்ச முடிவு பண்ணுதோம்.”

ரெனிஷ் அதுவரை காட்டாமல் வைத்திருந்த கடைசிப் பெட்டியைத் திறந்தார். பேர்ல் நிக்கல். வெள்ளையும் அல்ல, வெள்ளியும் அல்ல. சிப்பியின் உட்புறம்போல் ஒரு மினுக்கம்.

“முத்து” என்றார் மாரிச்செல்வம் மெதுவாக.

“முத்துநகர்ல முத்து நெறம்” என்றார் செந்தூர்வேல். இரு அணிகளும் எழுந்து கட்டித்தழுவிக்கொண்டன. இசக்கிசெல்வி உடல்நலம் பெற வேண்டும் என்ற தீர்மானமும் அதே சூட்டோடு சூடாக நிறைவேறியது.

திறப்பு விழாவுக்குக் கடல் தாண்டிய கம்பெனியின் பிரதிநிதியே வருவதாக ஏற்பாடு. உப்பு அம்பாரங்களுக்கு நடுவே பந்தல் போட்டு, வளாகத்தின் வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டி, கதவைப் பூட்டி, சாவியைத் தாம்பாளத்தில் வைத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்த இசக்கிசெல்வி முதற்கொண்டு எல்லாப் பெண்களும் புதுச்சேலை கட்டி நாற்காலியில் உட்கார்த்தப்பட்டிருந்தார்கள். விமானம் தாமதம் என்று செய்தி வந்தது. வெயிலுக்கு இதமாக மேடையில் இளநீர் கொடுத்தார்கள். செந்தூர்வேல் குடித்தார். மேலும் தாமதம் என்றார்கள். மேலும் குடித்தார். சர்க்கரைக்காரர். இளநீர் தன் கடமையைச் செய்தது.

“மாரிச்செல்வம், சாவிய எடும்.”

“எதுக்கு தலைவரே?”

“எதுக்குன்னா கேக்கீரு?”

செயலாளர் விஷயத்தைப் புரிந்துகொண்டு கலவரமானார். “தலைவரே, விருந்தாளி ரிப்பன் வெட்டாம நீங்க உள்ள போனா நீங்களே தொறந்துவச்ச மாதிரி ஆயிரும். போட்டோக்காரன் வேற நிக்கான். கொஞ்சம் பொறுங்க.”

“பொறுக்க முடியாதுவே.”

“நம்ம வண்டியில வேணும்னா டவுனுக்கு...”

டவுன்வரை தாங்காது என்பது செந்தூர்வேலுக்குத் தெரிந்துவிட்டது. பட்டு வேட்டியை ஒரு கையால் தூக்கிப்பிடித்துக்கொண்டு, பொன்னாடை காற்றில் பறக்க, பந்தலுக்குப் பின்புறமாக உடங்காட்டை நோக்கி ஓடினார். முதல் புதரைத் தாண்டுவதற்குள் உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

“ஏலே, யாருல அது? பொம்பளைய இருக்கோம்.”

சுடலைமாடத்தியின் குரல். விழாவில் அவர்களுக்கும் இளநீர் கொடுக்கப்பட்டிருந்தது.

அவர் இடப்புறம் ஓடினார். முள் வேட்டியைப் பிடித்து இழுத்தது. வலப்புறம் ஓடினார். செருப்பு கழன்றது. நட்ட நடு வெட்டவெளி. ஒரு பக்கம் பந்தல், மறுபக்கம் பெண்கள். அவர் வாழ்க்கையில் முதல்முறையாக நெடுஞ்சாண்கிடையாக விழுந்து அழவேண்டும்போல் இருந்தது.

“நம்ம அண்ணாச்சிலா” என்றது இன்னொரு குரல். இசக்கிசெல்வி வெளியே வந்தாள். அவர் நின்ற நிலையைப் பார்த்ததும் எதுவும் கேட்கவில்லை. “ஏளா, வாங்க இங்கன” என்று மற்றவர்களைக் கூப்பிட்டாள். இரண்டு பேர் முந்தானையை விரித்துப் பிடித்தார்கள். எல்லோரும் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார்கள். தங்களுக்குள் ஒருத்திக்கு ஒருத்தி தினமும் செய்துகொள்வதுதான்.

“இருங்க அண்ணாச்சி. யாரும் வரமாட்டாவ” என்றாள் இசக்கிசெல்வி, பந்தலைப் பார்த்தபடியே.

விருந்தாளி வந்தார், ரிப்பன் வெட்டினார், டவல் ராடைத் தடவிப்பார்த்து “பியூட்டிஃபுல்” என்றார், போய்விட்டார். கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாகக் கம்பெனி எழுதியது.

அன்று உடங்காட்டில் பட்ட பாடு செந்தூர்வேலின் மனத்தைவிட்டு அகலவில்லை. மறுநாள் கூடிய மன்றத்தில் அவர் கண்கலங்கிப் பேசினார். அடக்குவது என்றால் என்ன, மறைவில்லாமல் நிற்பது என்றால் என்ன, முள் குத்துவது என்றால் என்ன என்று அவர் விவரித்தபோது, அவையில் ஈரமில்லாத கண்ணே இல்லை. “இந்தக் கொடும இனி ஒரு மனுசப்பிறவிக்கும் வரக்கூடாது” என்று முடித்தார். வளாகத்தின் சாவி இனி எந்நேரமும் தலைவரின் சட்டைப்பையிலேயே இருக்க வேண்டும் என்று மன்றம் ஏகமனதாகத் தீர்மானித்தது.

அடுத்த நாள் காலை அளத்துக்கு வந்த அவர் காரை இசக்கிசெல்வி மறித்தாள். உப்பு வாரிக்கொண்டிருந்தவள், கையைக்கூடத் துடைக்காமல் வந்திருந்தாள்.

“கதவு பூட்டிக் கெடக்கு அண்ணாச்சி. சாவி வேணும்.”

செந்தூர்வேல் கார்க் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினார். “ஏளா, அதுல என்ன பூச்சு போட்டிருக்கு தெரியுமா? ஒங்க கையப் பாரு, பூரா உப்பு. நீங்க தொட்டா ஒரே வாரத்துல அரிச்சுப்போடும்லா.”

இசக்கிசெல்வி கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

“இது ஒங்க உப்புதான அண்ணாச்சி?” என்றாள்.