சேர்மனுக்கு வாய்த்த அக்கா

ஒரு மனிதன் பொய் சொல்வதென்று தீர்மானித்துவிட்டால் அதை அரைகுறையாகச் செய்யக்கூடாது என்பது சித்துமாவின் கொள்கை. அதனால் அவன் ஒரு சாக்பீஸ் வாங்கினான்.

தினமும் சாயங்காலம் டயர் கடைக்குப் பின்னால் சோடா மூடிகளைக் காய்களாக வைத்து ஆடும் ஆட்டம் முடிந்ததும், அந்தச் சாக்பீஸை எடுத்து முழங்கையில் ஒரு தேய்ப்பு, சட்டைக் கையில் ஒரு தேய்ப்பு, மீசையில் லேசாக ஒரு தட்டு. பிறகு படித்துக் களைத்தவனின் முகத்தை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புவான். வழியில் ஒரு கொட்டாவியையும் பழகிக்கொள்வான்.

சித்துமா லேசுப்பட்ட ஆள் இல்லை. கிமிலிலி ஊர்ச் சந்தை முனையில் வாடகைப் பைக்குகள் நிற்கும் இடத்துக்கு அவன்தான் சேர்மன். வாடகைப் பைக்குக்கு எங்கள் பக்கம் போடா போடா என்று பெயர். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் கிடையாது. யார் முதல் சவாரி எடுப்பது, யாருடைய ஆளை யார் கொத்திக்கொண்டு போனது, எல்லாவற்றுக்கும் அவன் சொல்வதே தீர்ப்பு. வீட்டிலும் தன் தீர்ப்புதான் செல்லுகிறது என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான்.

அந்த நம்பிக்கைக்கு ஆதாரமும் இருந்தது. கோழி அடித்தால் அதன் இரைப்பை அவன் தட்டில்தான் விழும். லூயா இனத்தார் வீடுகளில் கோழி இரைப்பை என்பது கறி இல்லை, பதவி. கால் யாருக்கும் போகலாம், நெஞ்சுக்கறி விருந்தாளிக்குப் போகலாம், சிறகு பிள்ளைகளுக்குப் போகும். இரைப்பை மட்டும் குடும்பத் தலைவனுக்கே. கல்யாணமான புதிதில் அவன் மனைவி நலியாகா ஒருமுறை, "அது எப்படித்தாங்க இருக்கும்?" என்று கேட்டாள். "பொம்பளைங்க வாயில கசக்கும்" என்றான் சித்துமா. அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை.

பள்ளிக்கூடப் பேச்சை எடுத்தவளும் அவள்தான். போன மழைக்காலத்தில் மாவு மில் பக்கத்துச் சேற்றில் பைக் வழுக்கி, சித்துமா கையில் மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தான். அன்றிலிருந்து வானம் கறுத்தாலே நலியாகாவுக்குக் கை ஓடாது, கால் ஓடாது. சந்தையில் தக்காளிக் கடையைப் பாதியில் விட்டுவிட்டு அவனுக்குப் போன் போடுவாள். அந்தச் சமயத்தில்தான் தண்ணீர் வாரியம் பம்ப் ஹவுஸுக்கு ஆள் எடுக்கப் போகிறது என்று செய்தி வந்தது. பள்ளிப் படிப்பின் கடைசி வகுப்பான நாலாம் ஃபாரம் பாஸ் செய்திருக்க வேண்டும், மோட்டார் வேலை தெரிந்திருக்க வேண்டும். இரண்டையும் பெரியவர்களுக்குச் சொல்லித்தர ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் சாயங்கால வகுப்பு நடந்தது. சித்துமா இரண்டாம் ஃபாரத்தோடு படிப்புக்குக் கும்பிடு போட்டவன்.

"பம்ப் ஹவுஸ்ல கூரை இருக்குங்க" என்றாள் நலியாகா.

"இருந்தா?"

"மழை உள்ள வராது."

"நான் சேர்மன்டி. சேர்மன் போய் சின்னப் பசங்க பெஞ்சுல உக்கார்றதா?"

"அன்னிக்குச் சேத்துல விழுந்தது சேர்மனா? என் வீட்டுக்காரர்தானே விழுந்தாரு?"

சித்துமா சாயங்கால வகுப்பில் போய்ச் சேர்ந்தான்.

பெஞ்சு இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகச் செய்தது. உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடித்தது. எழுந்தால் பெஞ்சும் கூடவே எழுந்தது. வாத்தியாரம்மா மேடம் ஜெரோப்புக்குச் சித்துமாவின் முதல் பைக்கைவிடக் கொஞ்சம்தான் வயது அதிகம். அவன் சேர்ந்த சில நாளிலேயே அவனைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டு, எக்ஸ் எவ்வளவு என்று கேட்டாள். சவாரிக் கணக்கை மூக்கைச் சொறிந்துகொண்டே போடுகிறவன் சித்துமா. ஆனால் இந்த எக்ஸ் எங்கே ஏறியது, எங்கே இறங்கியது என்று ஒரு விவரமும் சொல்லாமல் எவ்வளவு என்று கேட்டால்? அவன் நின்றான். நின்றுகொண்டே இருந்தான். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்த்தால் ஜாஃபெத். சித்துமாவின் ஸ்டாண்டிலேயே பைக் ஓட்டும் பொடியன், நேற்றுவரை அவனுக்கு எதிரே தொப்பியைக் கழற்றி நின்றவன்.

மறுநாள் சித்துமாவின் பைக் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவில்லை. டயர் கடைக்குத் திரும்பியது.

இப்படியே சில வாரம் ஓடியது. நலியாகா தினமும் வாசலில் நின்று, "இன்னிக்கு என்ன பாடம்?" என்று கேட்பாள். "கணக்கு. உனக்குச் சொன்னாப் புரியாது" என்பான். அவள் அவன் முழங்கையைப் பார்ப்பாள். பாவம், நம்பிவிட்டாள் என்று நினைத்து அவனுக்கு மனசு உறுத்தும். உறுத்தினாலும் மறுநாள் சாக்பீஸைப் பாக்கெட்டில் போட மறக்க மாட்டான்.

ஒரு நாள் மத்தியானம் மேடம் ஜெரோப் ஸ்டாண்டுக்கே வந்து நின்றாள். சுற்றிலும் அத்தனை பைக் இருக்க, நேராகச் சித்துமாவின் பைக்கில் ஏறி உட்கார்ந்தாள்.

"எங்க மேடம்?"

"பள்ளிக்கூடம். வழி ஞாபகம் இருக்கா?"

பள்ளிக்கூட வாசலில் இறங்கி அவள் சொன்னாள்:

"நாளைக்கு கார்டியனைக் கூட்டிட்டு வாங்க சித்துமா. இல்லன்னா பேரை அடிச்சிடுவேன். பேரை அடிச்சா பரீட்சை கிடையாது."

"கார்டியனா? மேடம், என் மீசையைப் பாருங்க. நரைச்சுப் போச்சு."

"அது நரையா, சாக்பீஸா?"

சித்துமா மீசையைத் துடைத்துக்கொண்டான். "எங்கப்பா அம்மா ரெண்டு பேரும் போய்ச் சேந்துட்டாங்க மேடம்."

"உங்களைப் பத்திக் கவலைப்படற ஆளு ஒருத்தர்கூடவா இல்ல? அவங்களைக் கூட்டிட்டு வாங்க. எல்லாரும் வீட்டம்மாவைத்தான் கூட்டிட்டு வருவாங்க."

நலியாகா வந்தால் சாக்பீஸ் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிடும். அதைவிட மோசம், மனைவியைக் கார்டியன் என்று நாலு பேர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால், அப்புறம் அந்த வீட்டில் யார் தலைவர்? அதற்காகப் பேரை அடிக்கவும் விட முடியாது. பரீட்சை இல்லையென்றால் பம்ப் ஹவுஸ் இல்லை. பம்ப் ஹவுஸ் இல்லையென்றால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது?

யோசித்துக்கொண்டே வந்தவன் கண்ணில் அனிசெட்டா பட்டாள். ஸ்டாண்டுக்கு எதிரே சப்பாத்தியும் பீன்ஸும் விற்கிறவள். மைக் இல்லாமலே சந்தை முழுவதற்கும் கேட்கும் குரல்.

"அனிசெட்டாம்மா, ஒரு உதவி."

"கடனா?"

"இல்ல. நீங்க எனக்கு அக்காவா இருக்கணும்."

"எப்பலேர்ந்து?"

"நாளைக்கு நாலு மணிலேர்ந்து. அஞ்சு மணிக்கு முடிஞ்சிடும்."

அனிசெட்டா சப்பாத்தியைத் திருப்பிப் போட்டாள். "அக்கான்னா என்ன பண்ணணும்?"

"சும்மா நிக்கணும். தலையை ஆட்டணும். இனிமே ஒழுங்கா வருவான்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்."

"அழணுமா?"

"வேணாம்."

"அழுதா எடுப்பா இருக்கும்."

"வேணவே வேணாம்!"

"சரி, ஒரு வாரத்துக்கு என் மாவு மூட்டையை நீதான் பைக்ல கொண்டு வரணும். இதெல்லாம் நலியாகாவுக்குத் தெரியுமா?"

"அவளுக்கு என்ன தெரியும்?" என்று சிரித்தான் சித்துமா. அனிசெட்டாவும் சிரித்தாள்.

மறுநாள் அவள் வந்த கோலத்தைப் பார்த்து அவனுக்குப் பகீர் என்றது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்குப் போடும் உடுப்பு, தலையில் வண்ணத் துணிக்கட்டு, கையில் கைக்குட்டை. பள்ளிக்கூட வராந்தாவில் மேடத்தைக் கண்டதும் கைக்குட்டை கண்ணுக்குப் போனது.

"மேடம்! என் தம்பி மேடம்! தாயில்லாப் புள்ளைன்னு செல்லம் குடுத்து நானே கெடுத்துட்டேன்!"

வகுப்பில் இருந்தவர்களெல்லாம் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். முதல் வரிசையில் ஜாஃபெத்.

"அக்கா, போதும்" என்று பல்லைக் கடித்தான் சித்துமா.

"பேசாதடா! பெரியவங்க பேசறப்ப என்ன வாய்?" அனிசெட்டா அவன் காதைப் பிடித்தாள். பிடித்ததோடு விடவில்லை, ஒரு முழுத் திருகு திருகினாள். "சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான் மேடம். மாடு மேய்க்க விட்டா மரத்தடியில தூங்குவான். மாடு தானா வீட்டுக்கு வந்துடும், இவனை நான் போய்த் தேடணும்!"

"இப்ப என்ன செய்யலாம்னு சொல்றீங்க?" என்றாள் மேடம் ஜெரோப், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல்.

"தப்பு பண்ண பசங்களைப் புல்லு வெட்ட விடுவீங்கள்ல? விடுங்க. மைதானம் பூரா வெட்டட்டும்!"

கணக்கு வகுப்பு முடியும்வரை சித்துமா மைதானத்தில் புல் வெட்டினான். மைதானத்தை ஒட்டித்தான் சாலை. அவனுடைய ஸ்டாண்டு ஆட்கள் ஒவ்வொருவராகப் பைக்கை மெதுவாக்கி, ஹாரன் அடித்து, "சேர்மன், சவாரி வருமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இத்தனை பேருக்கு அன்று அந்தப் பக்கம் என்ன வேலை என்பது அவனுக்குப் புரியவில்லை.

அடுத்து பின்பக்கக் கொட்டகையில் மோட்டார் வகுப்பு. அக்கக்காகக் கழற்றிப் போட்டிருந்த ஒரு பம்ப் மோட்டாரை எல்லாரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சித்துமா உட்கார்ந்தான். கை தானாக வேலை செய்தது. கடைசித் திருகை முடுக்கி சுவிட்சைப் போட்டதும் மோட்டார் உறுமி எழுந்தது. ஜாஃபெத்தே கைதட்டினான். "எனக்குச் சொல்லிக் குடுங்க சேர்மன், நான் உங்களுக்கு எக்ஸ் சொல்லித் தரேன்" என்றான். சித்துமாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை நாள் சோடா மூடியை நகர்த்திக்கொண்டு இதையா விட்டுவிட்டிருந்தோம் என்று நிஜமாகவே வருந்தினான்.

வீட்டுக்குப் போகும் வழியில் பழக்க தோஷத்தில் சாக்பீஸை எடுத்து முழங்கையில் தேய்த்துக்கொண்டான்.

வாசலிலேயே கோழிக் குழம்பு வாசனை. உள்ளே நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டான். மேஜைக்கு ஒரு பக்கம் அனிசெட்டா, மறுபக்கம் மேடம் ஜெரோப். நடுவில் அவன் மகள் நங்கிலா, வரப்போகும் வேடிக்கைக்காக முகத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு.

"வாங்க" என்றாள் நலியாகா. "உங்க அக்கா வந்திருக்காங்க."

சித்துமா அனிசெட்டாவைப் பார்த்தான்.

"இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். எனக்கு ஒரு நாத்தனார் இருக்காங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலியே நீங்க? முதல் தடவை வீட்டுக்கு வர்ற நாத்தனாருக்கு உகாலிக் களியும் கீரையுமா போட முடியும்? கோழி அடிச்சுட்டேன்."

"தம்பி, காது வலிக்குதா?" என்றாள் அனிசெட்டா. "இவ ரெண்டு காதையும் திருகச் சொன்னா. நான்தான் பாவம் பாத்து ஒண்ணோட விட்டேன். ஸ்டாண்டு பசங்ககிட்ட புல்லு வெட்டற விஷயத்தையும் நான்தான் சொன்னேன்."

சித்துமா மேடத்தின் பக்கம் திரும்பினான். "மேடம், அந்தக் கார்டியன் விதி?"

"அப்படி ஒரு விதியே கிடையாது சித்துமா. தக்காளி வாங்கறப்ப உங்க வீட்டுல சொன்னாங்க. நல்லாருக்கேன்னு வச்சுக்கிட்டேன். இனிமே எல்லாருக்கும் உண்டு."

"நீ... உனக்கு எப்படி?"

நலியாகா அருகில் வந்து அவன் முழங்கையைத் தட்டிவிட்டாள். வெள்ளைத் தூள் பறந்தது.

"நீங்க வகுப்புக்குப் போறதை நிறுத்துன மறுவாரமே கரும்பலகையைக் கழட்டிட்டு வெள்ளைப் பலகை மாட்டிட்டாங்க. மார்க்கர் பேனாவுலதான் எழுதறாங்க. கிமிலிலியிலயே சாக்பீஸ் பூசிக்கிட்டு வீட்டுக்கு வர்ற மாணவர் நீங்க ஒருத்தர்தான்."

"இன்னிக்கு நிஜமாவே போனேன்டி!"

"தெரியும். நிஜமாப் போன அன்னிக்கும் பூசிக்கிட்டு வந்து நிக்கிறீங்களே, அதான் எனக்குப் பாவமா இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மழை வந்தா போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேங்க. அடிச்சாலும் பயமா இருக்கு, அடிக்கலைன்னாலும் பயமா இருக்கு. எக்ஸ் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிட்டு உக்காருங்க. யாரு சிரிச்சா என்ன?"

சித்துமா தலையைக் குனிந்துகொண்டான். இவள் தன்மேல் வைத்திருக்கும் பிரியத்துக்கு முன்னால் ஜாஃபெத்தின் சிரிப்பெல்லாம் ஒரு பொருட்டா என்று தோன்றியது. பாக்கெட்டிலிருந்த சாக்பீஸை எடுத்து மேஜைமேல் வைத்தான். நங்கிலா அதை உடனே எடுத்து ஒளித்துக்கொண்டாள்.

சாப்பாடு வந்தது. சித்துமாவின் தட்டில் உகாலி, குழம்பு, ஒரு சிறகு. நங்கிலாவின் தட்டைப் பார்த்தான். அதிலும் ஒரு சிறகு. கோழிக்கு இருக்கும் இரண்டு சிறகும் கணக்குக்கு வந்துவிட்டன. அவன் காத்திருந்தான்.

"கறி எல்லாம் வெந்துச்சா?"

"வெந்துச்சு."

"எல்லாமே?"

"எல்லாமே."

பொறுக்க முடியவில்லை. "இரைப்பை எங்க?"

"இரைப்பை பெரியவங்களுக்குங்க" என்றாள் நலியாகா. "பள்ளிக்கூடம் போற புள்ளைக்கு யாராவது அதை வைப்பாங்களா? மேடம், நீங்களே சொல்லுங்க."

"எங்க வீட்டுல வைக்க மாட்டாங்க" என்றாள் மேடம்.

"நாலாம் ஃபாரம் பாஸ் பண்ணுங்க. பழையபடி உங்க தட்டுக்கே வந்துடும்."

"அதுவரைக்கும்?"

"கார்டியன் நான் இருக்கேனே."

இரைப்பை அவள் தட்டில்தான் இருந்தது. எடுத்தாள், வாயில் போட்டாள், மென்றாள். மேஜையே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. கசக்க வேண்டும், எப்படியாவது கசக்க வேண்டும் என்று சித்துமா மனசுக்குள் வேண்டிக்கொண்டான். அவள் அவசரப்படாமல் கடைசிவரை மென்று விழுங்கி, விரலையும் ஒருமுறை சப்பிவிட்டு, கணவனை மிகுந்த அன்போடு பார்த்தாள்.

"பரீட்சைக்கு அவசரமே இல்லைங்க" என்றாள். "நிதானமாப் படிங்க."