அரும்பு படிக்கக் கூடாத பதினைந்தாம் பக்கம்

ஒரு காட்டில் நூலகம் இருந்தது, பூட்டோடு.

பள்ளிக்கூடத்து நூலகம் அது. நூலகம் என்றால் ஒரு கண்ணாடி அலமாரி. நூலகர் என்று யாரும் இல்லாததால் சாவி உடற்கல்வி ஆசிரியரான மந்தியிடம் இருந்தது. பந்துக்குக் காற்றடிக்கும் பம்பும் அதே அலமாரியில்தான் இருந்தது. பம்பு எடுக்க அவர் கதவைத் திறக்கும் நேரம் பார்த்துக் கேட்டால், பிள்ளைகளுக்கு ஒரு புத்தகமும் கிடைக்கும். இப்படி ஏதோ நடந்துகொண்டிருந்தது.

அங்கே அரும்பு என்ற தேவாங்குப் பெண் ஐந்தாம் வகுப்பு படித்தாள். தேவாங்குகள் எதையும் நிதானமாகச் செய்யும். அரும்பு ஒரு வரியைப் படித்தால் அது மனத்துக்குள் போய் உட்காரும்வரை அடுத்த வரிக்குப் போக மாட்டாள். இரண்டு வாரமாக அவள் கையில் இருந்த புத்தகம், சுருக்குக் கண்ணியை அவிழ்ப்பது பற்றியது. ஆசைப்பட்டு எடுத்ததல்ல. கோடையிலிருந்து அவர்கள் மரத்தடியில் ஒரு வேட்டைக்காரன் கம்பிக் கண்ணி வைத்துக்கொண்டிருந்தான். வியாழக்கிழமைதோறும் வந்து, மாட்டியிருப்பதை எடுத்துப் போவான். பதினான்காம் பக்கம் வரை கண்ணியை அடையாளம் காண்பது எப்படி என்று இருந்தது. அவிழ்ப்பது பதினைந்தாம் பக்கத்தில்தான் தொடங்கியது.

அரும்பு பதினான்காம் பக்கத்தில் இருந்தபோது உடும்பு அதிகாரி வந்து சேர்ந்தார்.

உடும்பு, வட்டார வாசிப்பு மேம்பாட்டு அலுவலர். பிடித்த கருத்தை விட மாட்டார். அது மேலிடத்திலிருந்து வந்த கருத்தாக இருந்தால் இன்னும் இறுக்கிப் பிடிப்பார்.

"பிள்ளைங்க தகுதிக்கு மீறின புத்தகத்தை எல்லாம் படிச்சுக் குழம்பிப்போறாங்க" என்றார்.

"யாரு சார் குழம்புனாங்க?" என்று மந்தி கேட்டார்.

"அந்தப் புள்ளிவிவரம் பின்னாடி வரும். முதல்ல வில்லையை ஒட்டுங்க."

வில்லைகள் மூன்று நிறம். பச்சை தொடக்கநிலை, மஞ்சள் இடைநிலை, சிவப்பு உயர்நிலை. பிள்ளைக்கும் ஒரு நிறம், புத்தகத்துக்கும் ஒரு நிறம். இரண்டும் பொருந்தினால்தான் புத்தகம் கைக்கு வரும்.

பிள்ளைகளின் நிறத்தைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் உரக்க வாசிக்கச் சொன்னார்கள். கிளி நூற்று அறுபது சொற்களை மூச்சு விடாமல் வாசித்துச் சிவப்பு வில்லை வாங்கியது. அரும்பு, "மரத்தில் எறும்பு ஏறியது" என்று வாசித்துவிட்டு நின்றாள்.

"ஏம்மா நிறுத்திட்ட?"

"எந்த மரம்னு போடலையே சார்?"

அரும்புக்குப் பச்சை.

புத்தகங்களை அளக்க உடும்பு ஒரு முறை வைத்திருந்தார். முதல் பக்கத்தைத் திறப்பார். அதில் மிக நீளமான சொல்லைத் தேடி எழுத்துகளை எண்ணுவார். பத்துக்கு மேல் போனால் சிவப்பு. இதில் அவர் கவனிக்காதது ஒன்று. அந்தக் காட்டில் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் முதல் பக்கத்தில் அணிந்துரைதான் இருக்கும். அணிந்துரை எழுதுகிறவர் புத்தகத்தைப் படித்திருக்க மாட்டார். அந்தக் குறையை நீளமான சொற்களால் ஈடுகட்டியிருப்பார்.

கண்ணிப் புத்தகத்துக்கு அணிந்துரை எழுதியிருந்தவர் பள்ளியின் தலைமையாசிரியரான யானை. "கண்ணியறுப்புக்கலைப்பெருங்களஞ்சியமாக" என்று முதல் வரியிலேயே தொடங்கியிருந்தார். உடும்பு கைவிரல், கால்விரல் எல்லாம் எண்ணி முடித்து, மிச்சத்துக்கு வாலையும் சேர்த்துக்கொண்டார். இருபத்தோர் எழுத்து. சிவப்பு. பட்டியலில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். உள்ளே நான்கு சொல்லுக்கு ஒரு படம் இருந்ததை யாரும் பார்க்கவில்லை.

அலமாரியின் அடித்தட்டில் தொள்ளாயிரம் பக்கத் தருக்க நூல் ஒன்று கிடந்தது. அதன் ஆசிரியர் எல்லோரிடமும் சண்டை போட்டவர் என்பதால் அணிந்துரை தர ஆள் கிடைக்கவில்லை. முதல் பக்கம் "மழை வந்தது" என்று தொடங்கியது. பச்சை. ஒன்றாம் வகுப்பு முயல்குட்டிகள் ஆறு பேர் சேர்ந்து அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

தலைமையாசிரியர் அன்று முழுவதும் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்: "என் எழுத்து சிவப்பு நிலையாம். நானா சொல்லல, அளந்து சொல்லியிருக்காங்க."

மந்தி, அரும்பின் கையிலிருந்த புத்தகத்தை வாங்க வந்தார்.

"பதினாலாம் பக்கத்துல இருக்கேன் மாஸ்டர்."

"நான் முப்பத்திரண்டு வருஷமா இதே சம்பளத்துல இருக்கேன். கொடு இப்படி."

இது திங்கட்கிழமை. செவ்வாய் காலையில் அரும்பின் அம்மாவுடைய பின்னங்கால் கண்ணியில் மாட்டிக்கொண்டது.

பக்கத்து மரத்து அணில்கள் ஓடிவந்து இழுத்தன. இழுக்க இழுக்கக் கம்பி இறுகியது.

"இழுக்காதீங்கப்பா, கால் என்னோடது" என்றாள் அம்மா. பிறகு மகளைப் பார்த்தாள். "ஏன்டி, ரெண்டு வாரமா அதையேதானே படிச்சிட்டிருந்த? என்ன போட்டிருந்துச்சு?"

"இதுதான் கண்ணின்னு போட்டிருந்துச்சும்மா."

"அது எனக்கே இப்ப தெரியுது."

அரும்பு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அவளைப் பொறுத்தவரை அது ஓட்டம். மந்தி பாவப்பட்டார். ஆனால் சிவப்பைப் பச்சைக்குக் கொடுத்தால் விளக்கம் கேட்டு ஓலை வரும் என்று, தலைமையாசிரியரைக் கைகாட்டினார்.

"அம்மா கண்ணியிலயா? அடடா!" என்றார் தலைமையாசிரியர். "அவங்க என் அணிந்துரையைப் படிச்சிருக்கணும்."

"பதினஞ்சாம் பக்கம் மட்டும் பார்த்துட்டுக் கொடுத்துடறேன் ஐயா."

"நல்ல நூலை நடுவுலேர்ந்து படிக்கக் கூடாதும்மா."

உடும்பிடம் போனாள். உடும்பு பொறுமையாக விளக்கினார். "பச்சையில ஆறு மாசம். மஞ்சள்ல ஆறு மாசம். அப்புறம் சிவப்பு உனக்குத்தான். யாரு தடுக்கப்போறா?"

"வியாழக்கிழமை வேட்டைக்காரன் வந்துடுவான் சார்."

"அவர் நம்ம வட்டார நிர்வாகத்துக்குக் கீழ வரமாட்டாரே. நான் எப்படி அவர்கிட்ட தேதி மாத்தச் சொல்றது?"

கடைசியாகக் கிளியிடம் போனாள். அது அந்தப் புத்தகத்தைக் காலையிலேயே வாங்கிப் படித்துத் திருப்பியும் கொடுத்திருந்தது.

"கண்ணிய எப்படி அவிழ்க்கணும்னு போட்டிருந்துச்சு?"

"முழுப் புத்தகமும் நாலு நிமிஷம்" என்றது கிளி.

"அதுல என்ன இருந்துச்சுடி?"

"அதையெல்லாம் யாரு கேட்டா? உனக்கு எதுக்கு அது? உன் நிறத்துல போய் உட்காரு." இதைச் சொன்ன கிளி, உச்சந்தலையிலிருந்து வால் வரை பச்சையாக இருந்தது.

புதன்கிழமை வந்தது. வாசிப்பு நேரத்தில் சிவப்புப் பிள்ளைகள் வாசிப்பார்கள், மஞ்சள் பிள்ளைகள் கேட்பார்கள். பச்சைப் பிள்ளைகள் வராந்தாவில் உட்கார்ந்து புத்தகங்களுக்கு வில்லை ஒட்ட வேண்டும். வாசிப்பில் பின்தங்கியவர்களுக்கு வாசிப்பு நேரத்தில் வேறு வேலை கொடுப்பதுதான் திட்டத்தின் சிறப்பம்சம் என்று உடும்பின் அறிக்கையில் இருந்தது.

அரும்பின் முன்னால் ஒரு சிரட்டை வேலம்பிசின். அடுக்கில் ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, அட்டையைத் திறந்து, உள்புறம் வில்லை ஒட்ட வேண்டும். அதற்கு மேல் ஒரு தாள் புரட்டினாலும் மந்தி விசில் ஊதுவார். பதினோராவது புத்தகமாகக் கண்ணிப் புத்தகம் அவள் கைக்கு வந்தது.

அவள் அட்டையைத் திறந்தாள். "கண்ணியறுப்புக்கலைப்பெருங்களஞ்சியமாக" கண்ணில் பட்டது. வழக்கம்போல அந்தச் சொல் உள்ளே போய் உட்காரட்டும் என்று காத்திருந்தாள். அது உட்காரவே இல்லை. உள்ளே ஒன்றுமில்லாத சொல், எங்கே போய் உட்காரும்? உடும்பு எண்ணியது இந்தப் பக்கத்தைத்தான் என்று அப்போது அவளுக்குப் புரிந்தது.

அணிந்துரை ஒரே தாள். அதன் மேல் பிசினைத் தடவினாள். ஓரம் விடாமல், அவசரப்படாமல் தடவினாள். அட்டையை அதன் மேல் மூடி அழுத்தினாள். மறுபடி திறந்தபோது தாள் அட்டையோடு அட்டையாகப் போயிருந்தது. இப்போது முதல் பக்கத்தில், "இது கம்பி. இது முடிச்சு" என்று இருந்தது.

எழுந்து உடும்பிடம் போனாள். "சார், இதுக்கு நிறம் தப்பா இருக்கோன்னு…"

உடும்பு திறந்து எண்ணினார். ஒரு கையிலேயே எண்ணி முடிந்தது. "நாலெழுத்து! எந்த முட்டாள் இதைச் சிவப்புன்னு எழுதினது?"

பட்டியலில் கையெழுத்து அவருடையதுதான். மந்தி அந்த இடத்தைக் காட்டினார். உடும்பு, மந்தியின் பெயரைக் குறித்துக்கொண்டார். பிறகு அரும்பின் தலையைத் தடவி, "இதுதான் உனக்கு ஏத்த புத்தகம். எடுத்துட்டுப் போய்ப் படி" என்றார்.

மரத்தடியில் உட்கார்ந்து அரும்பு பதினைந்தாம் பக்கத்தைப் பிரித்தாள்.

"கொஞ்சம் வேகமாத்தான் படியேன்டி" என்றாள் அம்மா.

"வேகமாப் படிச்சா நாலு நிமிஷத்துல முடிஞ்சிடும்மா. கால் அப்படியே இருக்கும்."

பதினைந்தாம் பக்கம், இழுக்காதே என்றது. பதினாறாம் பக்கம், கம்பியை முடிச்சை நோக்கித் தள்ளு என்றது. அரும்பு தள்ளினாள். பதினெட்டாம் பக்கத்தில் ஒரு வளையம் தளர்ந்தது. இருபத்தொன்றாம் பக்கத்தில் அம்மாவின் கால் வெளியே வந்தது. மறுநாள் வேட்டைக்காரன் வந்து, வெறும் கம்பியைப் பார்த்து, அதைத் திட்டிவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை அரும்பு புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். அதைத் தலைமையாசிரியர்தான் முதலில் எடுத்தார். பள்ளிக்கு வந்த விருந்தாளி ஒருவரிடம் தன் அணிந்துரையைக் காட்டுவதற்காகத் திறந்தார். "இது கம்பி" என்றது புத்தகம். அவர் பிளிறியது ஆற்றுக்கு அந்தப் பக்கமும் கேட்டது.

விசாரணை வைத்தார்கள். துணைக்கு அம்மாவும் நொண்டிக்கொண்டே வந்தாள். அரும்பு எதையும் மறைக்கவில்லை.

உடும்பு அட்டையின் உள்புறத்தைத் தடவிப் பார்த்தார். "அணிந்துரை உள்ளே இருக்கிறதால இது சிவப்பு நூல். பச்சைப் பிள்ளைக்குச் சிவப்பு நூல் புரியாது. இது ஆய்வுல நிரூபணம் ஆனது."

"புரிஞ்சுதே சார்" என்றாள் அரும்பு.

"குறுக்கே பேசாதே. உனக்குப் புரியல. புரியாததால உன்னால முடிச்சை அவிழ்த்திருக்க முடியாது. அவிழ்க்காததால உங்கம்மா கண்ணியிலதான் இருக்காங்க."

"நான் இங்கதானே சார் நிக்கிறேன்?" என்றாள் அம்மா.

"நீங்க உணர்ச்சிவசப்படாதீங்கம்மா. இதோ, எழுதியாச்சு. ஒரு கையெழுத்துப் போட்டுட்டா பிள்ளை மேல நடவடிக்கை இல்லை."

தாளில் இப்படி இருந்தது: 'மேற்படி கண்ணியில் நான் மாட்டியவாறே இருக்கிறேன் என இதன்மூலம் உறுதியளிக்கிறேன்.'

அம்மா மகளைப் பார்த்தாள். தன் காலைப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, தன் சொந்தக் கால்களால் நடந்து வெளியே போனாள்.

"பார்த்துப் போங்கம்மா" என்று உடும்பு பின்னாலிருந்து சொன்னார். "வழியில கண்ணி இருக்கு."

நீதி: உயிர் பிழைத்தால் மட்டும் போதாது, அவரவர் படிநிலைக்கு உட்பட்டுப் பிழைக்க வேண்டும்.