கறுப்புக்கோட்டு வீரனும் கட்டிலடி ஸ்பேனரும்

கறுப்புக்கோட்டு வீரன் படம் என்றால் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குக்கு உயிர். இதுவரை நான்கு பாகம் வந்திருக்கிறது. நான்கும் ஒன்றைவிட ஒன்று மட்டம். நான்காவதில் வீரன் ரயிலை ஒற்றை விரலால் நிறுத்தினான். பார்க்கத்தான் தியேட்டரில் ஆள் மிச்சமில்லை. கூட வந்த மனைவி வீடு வரும்வரை கேட்ட கேள்விகளில் நொந்துபோய், இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று அவர் வாக்குக் கொடுத்துவிட்டார்.

இப்போது அதே கதையை முதலிலிருந்து புதிதாக எடுத்திருக்கிறார்கள். புது வீரன், புது இயக்குநர். புதுப் படத்துக்குப் பழைய வாக்கு செல்லாது என்று மெக்கானிக் தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். அதை மனைவியிடம் சொல்லத்தான் தைரியமில்லை. பெரிய கடையில் ஃப்ரிட்ஜ் நின்றுபோச்சு என்று புளுகினார். படம் பார்க்கப் போகிறவருக்கு எதற்குக் கனம்? ஸ்பேனர்களைக் கட்டிலடியில் தள்ளிவிட்டு, கருவிப் பை காலியாகத் தெரியாமலிருக்க அதில் ஒரு துண்டைத் திணித்துக்கொண்டு கிளம்பினார்.

படமா அது! இந்த வீரன் மனுஷனைப்போல அடி வாங்கினான், மனுஷனைப்போல யோசித்துத் தப்பித்தான். மெக்கானிக் சீட்டு நுனிக்கே வந்துவிட்டார். கடைசிச் சண்டை தொடங்குகிற நேரம் பார்த்துப் பின்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது.

"யாரும்மா அது? பிள்ளையை வெளியே தூக்கிட்டுப் போம்மா," என்று திரும்பாமலே அதட்டினார். அழுகை வாசல் பக்கம் நகர்ந்து மறைந்தது.

வீட்டுக்கு வந்தவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இத்தனை நாள் கேலி செய்தவளிடம், எங்க ஆள் ஜெயிச்சுட்டான் பார்த்தியா என்று சொல்ல வாய் துடித்தது. சொன்னால் குட்டு உடையும்.

மனைவி பிள்ளைக்கு ஊட்டியபடியே ஆரம்பித்தாள். "அந்தப் புதுப் படமும் ஊத்திக்கிச்சாமே. கடைசியில வீரன் பயந்து ஓடிடறானாம்."

"யார் சொன்னா? கை ஒடிஞ்சும் நின்னு..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நிறுத்தாதீங்க. மேல சொல்லுங்க."

அவள் ஒரு ஸ்பேனரை எடுத்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "கட்டிலடியில கிடந்துச்சு. மறந்துட்டுப் போறீங்களேன்னு பிள்ளையோட பின்னாலயே ஓடி வந்தேன். பார்த்தா உங்க வண்டி தியேட்டர் வாசல்ல நிக்குது. சரி, வந்ததுக்குப் பார்ப்போம்னு நானும் ஒரு டிக்கெட் எடுத்தேன். படம் நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் என்னை எதுக்குக் கேட்கறே?"

"கடைசிச் சண்டை பார்க்கலையே. முன்சீட்டு ஆள் ஒருத்தர் வெளியே போகச் சொல்லிட்டார். சொந்தப் பிள்ளை அழுகையே தெரியாத மனுஷன்."

மறுநாள் அவள் பக்கத்து வீட்டு அக்காவோடு அதே படத்துக்குப் போனாள். மெக்கானிக்கும் தியேட்டருக்குப் போனார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே நின்றார்.