கியர் பாக்ஸுக்குக் காய்ச்சல்

இந்த ஞாயிற்றுக்கிழமை மலை ஏறுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். வீரமான முடிவு. அதனால் மனைவியிடம் சொல்லவில்லை.

மலை மேல் இருப்பது மச்சான் வீடு. போகும்போதெல்லாம் அவனுக்கு பீரோவை இடம் மாற்ற ஆள் வேண்டும். அந்த ஆள் நான். போன தடவை மாடிக்கு ஏற்றியதை இந்தத் தடவை கீழே இறக்க வேண்டுமாம். மாடியில் காற்று வரவில்லையாம், பீரோவுக்கு!

காப்பாற்ற வந்தது எங்கள் ஆட்டோமேட்டிக் கார். போன தடவை மலை ஏறும்போதே கருகிய வாடை. கியர் மாறும்போதெல்லாம் முதுகில் ஒரு குத்து. கடைசியில் சிவப்பு விளக்கு. வேறு ஆளாக இருந்தால் பதறியிருப்பான். நான் பூரித்துப் போனேன்.

"கியர் பாக்ஸ் சூடாகுதும்மா," என்றேன், டாக்டர் குரலில். "உள்ள இருக்கிற ஆயில் கருகிடுச்சு. இனிமே மலை ஏறினா அவ்வளவுதான்."

"ஐயையோ! சரி பண்ண முடியாதா?"

"கஷ்டம். பாரம் ஏத்தக் கூடாது. மேடு ஏறக் கூடாது. பாவம், ஓய்வு கொடுக்கணும்."

"வண்டிக்கா, உங்களுக்கா?"

நான் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை ஆபீசிலிருந்து வந்தால் வாசலில் காரைக் காணோம். கொஞ்ச நேரத்தில் அவளே ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். முகத்தில் கருணை இல்லை.

"மெக்கானிக்கிட்ட காட்டிட்டு வரேன். ஆயிலைக் குளிர வைக்கிற கூலர் பூரா காய்ஞ்ச சருகு அடைச்சிருந்துச்சாம். சுத்தம் பண்ணி, புது ஆயிலும் ஊத்திட்டார்."

"ரொம்ப சந்தோஷம்," என்றேன், துக்கம் விசாரிக்கும் குரலில்.

"இன்னொண்ணும் கேட்டார். இடது காலைப் பிரேக் மேலயே வெச்சுக்கிட்டு ஓட்டி, வண்டியைச் சூடாக்குற மகராசன் யாருன்னு."

"நீ என்ன சொன்னே?"

"கட்டிக்கிட்டவர்னு சொன்னேன். வருத்தப்பட்டார்."

ஞாயிற்றுக்கிழமை அவள் ஓட்டினாள். பக்கத்தில், மகனைப் பார்க்கக் கிளம்பிய என் மாமியார். பின்னால் நானும், மச்சானுக்கென்று எடுத்த பூந்தொட்டிகளும். கார் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. கடைசி ஏற்றத்துக்கு முன்னால் ஓரமாக நிறுத்தினாள்.

"இறங்குங்க."

"ஏன்? சிவப்பு விளக்கு எரியுதா?" என் குரலில் நம்பிக்கை துளிர்த்தது.

"இல்ல. எரியக் கூடாதுன்னுதான். பாரம் ஏத்தக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"தொட்டிகளை இறக்கேன்!"

"தொட்டி நடக்காதுங்க."

கார் போய்விட்டது. நான் நடந்தேன். மச்சான் வீட்டு வாசலை அடைந்தபோது என் சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி தேறும். மச்சான் துண்டோடு ஓடி வந்தான். முகம் துடைக்கத்தான் என்று கை நீட்டினேன்.

"தோள்ல போட்டுக்கங்க மாமா," என்றான், "பீரோ உறுத்தாது."