நந்தி வேஷம் போட்ட செவலைக் காளை

மதுரை, 1936 மாசி மாதம்.

அலங்காநல்லூர் மைத்துனர் வெள்ளைத்துரை அவர்கள் சமூகத்துக்கு, நாடகக் கம்பெனி காசிமாயன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் க்ஷேமம் என்று எழுத வழியில்லை. அவ்விடம் என் மனைவியும் காளையும் க்ஷேமமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். இக்கடிதத்தைத் தங்கள் தங்கை அன்னக்கொடி காதில் விழும்படி உரக்கப் படிக்கவும்.

மச்சான், பதினேழு வருஷமாக நாடகம் போடுகிறேன். மழைக் காட்சிக்குக் கூரைமேல் ஆளேற்றித் தண்ணீர் ஊற்றி முன்வரிசையை நனைத்தேன், நெருப்புக் காட்சியில் பாதிக் கொட்டகையை எரித்தேன், அப்போதெல்லாம் அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பேசும் படம் வந்த பிறகு நம் பெஞ்சுகள் காலியாயின. படத்தில் வரும் மாட்டைத் தொட முடியாது, நாம் நிஜ நந்தியையே நிறுத்துவோம் என்று நினைத்து, சீதனமாக வந்த செவலையை அவளிடம் கேட்காமல் மேடையேற்றினேன். பிள்ளையில்லாத வீட்டில் அவள் பிள்ளையாக வளர்த்த காளை. இரண்டு பக்கமும் மூங்கில் தட்டி, எதிரே ஜனக்கூட்டம், கொட்டுச் சத்தம், சீட்டி. திரை தூக்கியதும் அது உங்கள் ஊர் வாடிவாசல் என்றே நினைத்துப் பாய்ந்துவிட்டது. பயந்து ஓடவேண்டிய ஜனங்களோ துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு திமிலுக்குத் தாவினார்கள். சிவன் வேஷம் கட்டிய சோணைமுத்து ஜடாமுடியைக் கழற்றிப் பார்வதி கையில் கொடுத்துவிட்டுத் தானும் பாய்ந்தான். ஒருவரும் பிடிக்கவில்லை, உங்கள் வீட்டு மானம் அந்த மட்டில் பிழைத்தது. காளை நேரே அலங்காநல்லூர் பாதையைப் பிடித்தது.

பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அன்னக்கொடி எழுந்தாள். "எம்புள்ளையக் கூத்தாட விட்டீகளே! அது போற எடத்துக்கே நானும் போறேன். நாடகத்தை விட்டாத்தான் வீட்டுக்கு வாரேன்" என்றாள்.

அவள் இல்லாத வீட்டில் சோறு இறங்கவில்லை, மச்சான். திரைகளை மடித்துப் பூட்டிவிட்டேன். கொட்டகையைப் பிரிக்க ஆள் சொல்லிவிட்டேன். இனி கப்பலூர் நிலத்தில் உழுது பிழைப்பேன், இது மீனாட்சி மேல் சத்தியம். பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம், செவலைக்கு ஒரு கட்டுப் புல்.

இப்படிக்கு,
காசிமாயன்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது சோணைமுத்து ஓடிவந்தான். "அண்ணே, வாசல்ல வந்து பாருங்க, அம்புட்டுக் கூட்டம்! படத்துக்குப் போனவன் பூராம் இங்க வந்து, மாடு எப்ப வரும்னு கேக்குறாங்ய!" கொட்டகையைப் பிரிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சத்தியத்தை அடுத்த மாதம் நிறைவேற்றுவேன். சனிக்கிழமைக்குள் செவலையை அனுப்பவும். அன்னக்கொடி கயிற்றைப் பிடித்தால்தான் அது நிற்கும். பார்வதி வேஷக்காரனும் பயந்து ஊருக்கு ஓடிவிட்டான். பார்வதிக்கு வசனம் கிடையாது, பக்கத்தில் நின்றால் போதும். அன்னக்கொடி அளவுக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்தாகிவிட்டது.