எப்போது வேண்டுமானாலும் சாப்பிடுகிறவர்

மனிதர்களைச் சாப்பாட்டு வேளையில்தான் வகை பிரிக்க வேண்டும். மற்ற நேரங்களில் எல்லாரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறார்கள். பசித்தால் சாப்பிடுகிறவர்கள் ஒரு வகை. மணி பார்த்துச் சாப்பிடுகிறவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டு வகையாலும் யாருக்கும் தொந்தரவு கிடையாது. ஆகவே இவர்களைப் பற்றி எழுதவும் ஒன்றுமில்லை. மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. "எனக்கு டைமெல்லாம் ஒண்ணும் கெடையாதுங்க, எப்ப குடுத்தாலும் சாப்பிடுவேன்" என்று சொல்லும் வகை. கேட்கிறவருக்கு, அடடா, எவ்வளவு எளிமையான மனிதர் என்று தோன்றும். அவர் வீட்டாரிடம் கேட்டுப் பாருங்கள். கேட்க முடியாது. அவர்கள் அடுப்படியில் எதையோ மூன்றாவது தடவையாகச் சூடு பண்ணிக்கொண்டிருப்பார்கள்.

இந்த வகையை அடையாளம் காண்பது சுலபம். சாப்பாடு தயார் என்ற குரல் காதில் விழும்வரை சோபாவில் சாய்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். குரல் விழுந்ததும் எழுந்துவிடுவார். எழுந்தவர் மேசைக்குப் போவார் என்று நீங்கள் நினைத்தால், உங்களுக்கு அனுபவம் போதாது. நகம் வளர்ந்திருப்பது அப்போதுதான் அவர் கண்ணில் படும். நகவெட்டியைத் தேடும்போது ஜன்னல் கொண்டியில் ஒரு திருகாணி தளர்ந்திருப்பது தெரியும், திருப்புளியை எடுக்கப் பரணில் ஏறுவார், பரணில் ஒரு பழைய ஆல்பம் கிடைக்கும், அதில் கூடப் படித்தவன் ஒருவன் தலை நிறைய முடியோடு நிற்பான், அவன் இப்போது எப்படி இருக்கிறான் என்று உடனே போன் போட்டுக் கேட்டாக வேண்டும். நடுநடுவே "இதோ வந்துட்டேன்" என்று குரல் மட்டும் வரும். ஆள் வரமாட்டார்.

"எனக்காக வெயிட் பண்ணாதீங்க, நீங்க சாப்பிடுங்க." இது அவர்களுடைய இன்னொரு வாசகம். இதை நம்பி ஒரு குடும்பம் உண்மையாகவே சாப்பிட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டு நிற்கிறவர்களைப் பார்த்து, "ஓ, சாப்டாச்சா?" என்பார். அவ்வளவுதான். கோபமில்லை, குறை இல்லை. ஆனால் அந்த ஒரு "ஓ"வுக்கு வீடு ஒரு வாரம் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்.

நம்மவர் இந்த வகையில் முதல் தரம். தொழில், லிஃப்ட் ஆய்வு. ஒவ்வொரு கட்டடமாகப் போய், கம்பிவடம் தேய்ந்திருக்கிறதா, அவசர மணி அடிக்கிறதா, கதவு எத்தனை நொடியில் மூடுகிறது என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர். கதவு ஒரு நொடி பிந்தி மூடினால் விடமாட்டார். ஜனங்கள் காத்திருக்கக் கூடாது பாருங்கள்.

அவருடைய மனைவிக்கு ஒரு பல் வைத்தியரிடம் நேரம் குறித்துக் கொடுக்கிற வேலை. கால் மணிக்கு ஒரு பல். பத்து நிமிஷம் பிந்தி வந்தவர் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாலும், "அடுத்த வியாழன், பதினொன்னே கால்" என்று தலை நிமிராமல் சொல்லிவிடுவார் அந்த அம்மையார். அவருக்குப் பயந்து அந்த வட்டாரத்தில் பல்வலிகூட நேரம் பார்த்துத்தான் வந்தது. பயப்படாதவர் ஒரே ஒருவர்தான். அவர் வீட்டில் இருந்தார். எட்டு மணிக்கு மேசைக்கு வந்த சாப்பாடு எட்டரைக்கு ஆறும், ஒன்பதுக்கு மறுபடி அடுப்பேறும், ஒன்பதரைக்கு மறுபடி ஆறும். அம்மையாரும் தன் பங்கை எடுக்காமல் எல்லாவற்றையும் தட்டு போட்டு மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். இப்படியே முப்பது வருஷம்.

முப்பதாவது கல்யாண நாளுக்கு மகள் ஒரு கப்பல் பயணம் பதிவு செய்தாள். ஏழு நாள், ஏழு இரவு. படிவத்தை நிரப்பும்போது போனில் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டுப் போனை மேசைமேல் வைத்தார்கள்.

"அப்பா, ராத்திரி சாப்பாட்டுக்கு ரெண்டு விதம் இருக்கு. ஃபிக்ஸட்னா தினமும் ஒரே நேரம், ஒரே மேசை. கூட உக்கார்றவங்களும் அதே ஆளுங்க, பரிமாறறவரும் அதே ஆளு. ஆறே கால், இல்லேன்னா எட்டரை. ஃப்ளெக்ஸிபிள்னா அஞ்சரையிலேருந்து ஒம்பதரைக்குள்ள எப்ப வேணும்னாலும் போலாம். எது போட?"

நம்மவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். வாழ்நாள் முழுக்கப் படித்த பாடத்திலிருந்தே கேள்வி வந்துவிட்ட மாணவனுடைய செருமல் அது.

"இதுல கேக்க என்னம்மா இருக்கு? ஃப்ளெக்ஸிபிள்தான். கடலுக்கு நடுவுல போயும் கடிகாரத்துக்குப் பயந்து சாப்பிடறதுக்கு வீட்லயே இருந்துடலாமே."

வீட்டில் அவர் எந்தக் கடிகாரத்துக்குப் பயந்தார் என்று யாரும் கேட்கவில்லை. ஆகவே அவர் மேலே போனார். அலைக்கு நேரம் உண்டா, மீனுக்கு நேரம் உண்டா, மணி அடித்ததும் தட்டோடு வரிசையில் நிற்க நாம் என்ன ஹாஸ்டல் பிள்ளைகளா என்று நான்கு நிமிஷம் பேசினார். மகள் முழுவதையும் கேட்டாள். பிறகு, "அம்மா, உனக்கு?" என்றாள்.

"ஆறே கால்" என்றார் அம்மையார்.

"கொஞ்சம் யோசிச்சு சொல்லேன்" என்றார் நம்மவர்.

"யோசிச்சாச்சு. ஏழு நாளாவது சூடா சாப்பிடணும்." காய் நறுக்கிக்கொண்டிருந்த கை நிற்கவில்லை.

"ஆளுக்கு ஒண்ணு போடலாம்பா" என்றாள் மகள். "ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி போடணும்னு இல்ல."

"போடு, போடு. அவ இஷ்டம்" என்றார் நம்மவர். இந்தப் பெருந்தன்மைக்கு ஒரு காரணம் இருந்தது. படிவத்தில் ஆயிரம் எழுதலாம். தான் வந்து உட்காராமல் மனைவி கரண்டியைத் தொட்டதாகச் சரித்திரம் கிடையாது. ஆறே காலுக்கு ஒரு நாற்காலி சும்மா காத்திருக்கும், காத்திருந்துவிட்டுப் போகட்டும்.

முதல் நாள் மாலை கப்பல் கிளம்பியது. அறையில் ஒரு கட்டில், ஒரு வட்ட ஜன்னல், ஆள் உள்ளே போனால் திரும்பாமல் பின்பக்கமாகவே வெளியே வர வேண்டிய ஒரு குளியலறை. ஆறு மணிக்கு அம்மையார் தலை வாரி, நல்ல உடையாக ஒன்று உடுத்திக்கொண்டு, கைப்பையை எடுத்தார்.

"கிளம்பிட்டியா? இரு, ஒரு நிமிஷம், இதோ வந்துட்டேன்" என்றார் நம்மவர் கட்டிலில் படுத்தபடி.

"நீங்கதான் எப்ப வேணும்னாலும் சாப்பிடலாமேங்க. எனக்காக வெயிட் பண்ணாதீங்க."

கதவு மூடிக்கொண்டது. தயங்காமல், சரியான நேரத்தில் மூடிக்கொண்டது. தொழில் முறையில் குறை சொல்ல அதில் ஒன்றுமில்லை.

திரும்பி வந்துவிடுவாள் என்று ஏழு மணி வரை படுத்திருந்தார். அதற்கப்புறம் நகம் வெட்டினார். ஒருவரையும் காக்க வைக்காமல் நகம் வெட்டுவது இவ்வளவு சப்பென்று இருக்கும் என்று அவருக்கு இதுவரை தெரியாது. எட்டு மணிக்கு ஃப்ளெக்ஸிபிள்காரர்களுடைய சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார்.

வாசலில் அறுபது பேர் நின்றார்கள். எல்லாரும் சுதந்திரமானவர்கள். எல்லாரும் எட்டு மணிக்கே சுதந்திரமாக இருப்பதென்று தீர்மானித்திருந்தார்கள். வாசலில் நின்ற பணிப்பெண் ஒவ்வொருவர் கையிலும் உள்ளங்கை அகலத்தில் ஒரு கருவியைக் கொடுத்தாள். இடம் காலியானால் அது சிவப்பாக மினுங்கிக்கொண்டு உறுமும். அதுவரை நிற்க வேண்டும். அறுபது பேரும் அதை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு, பேருக்குக் கடலைப் பார்ப்பதும் உடனே கருவியைப் பார்ப்பதுமாக நின்றார்கள். பக்கத்தில் நின்றவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். இவரைப் பார்த்ததுமே இனம் கண்டுகொண்டார்.

"நமக்கு என்னங்க அவசரம்."

"அதானே."

"எப்ப குடுத்தாலும் சாப்பிடற ஆளு நான்."

"நானும் அப்படித்தான். வந்து எவ்ளோ நேரம் ஆச்சு?"

"நாப்பத்தேழு நிமிஷம்" என்றார் கண்ணாடிக் கடைக்காரர், கைக்கடிகாரத்தைப் பார்க்காமலே.

ஒன்பது மணிக்கு நம்மவருக்கு ஒரு தூணுக்குப் பின்னால் இடம் கிடைத்தது. பரிமாறியவர் "தனியாவா, சார்?" என்று கேட்டார். மறுநாள் இன்னொருவர் அதையே கேட்டார். இந்தக் கூடத்தில் மேசையும் மாறும், ஆளும் மாறும். கேள்வி மட்டும் மாறாது.

முதல் இரவு அவர் அறைக்குத் திரும்பியபோது அம்மையார் கட்டிலில் உட்கார்ந்து நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு?"

"சூப் கொதிக்கக் கொதிக்க வந்துச்சுங்க. நாக்கு சுட்டுடுச்சு." மற்ற பெண்கள் புது வளையலைக் காட்டுகிற மாதிரி நாக்கைக் காட்டினார்.

அப்புறம் மேசையைப் பற்றிச் சொன்னார். எட்டுப் பேர் மேசை. ரொட்டிக் கடை நடத்துகிற அக்கா தங்கை இரண்டு பேர். அவர்களுக்கு எதிரே ஒரு மாட்டு வைத்தியர், பசு பல் தேய்க்காததைப் பற்றி அம்மையாரிடம் அபிப்பிராயம் கேட்டாராம். பரிமாறுகிறவர் இரண்டாவது நாளே ஐஸ் போடாத தண்ணீரைக் கேட்காமலே கொண்டுவந்து வைத்தார். "நான் என்ன குடிப்பேன்னு அவருக்குத் தெரியுதுங்க" என்று அம்மையார் அன்றிரவு இரண்டு தடவை சொன்னார். நம்மவர் யோசித்துப் பார்த்தார். அவள் ஐஸ் போடாத தண்ணீர் குடிப்பாள் என்பது அவருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

மூன்றாம் நாள் காலை அவர் சாப்பாட்டு நிர்வாகியின் மேசைக்கு முன்னால் போய் நின்றார். மனைவியைப் போலவே தலை நிமிராமல் எழுதுகிற பெண்மணி.

"ஆறே கால் சாப்பாட்டுக்கு மாத்திக்கணும். எனக்காக இல்ல. எனக்கு டைமெல்லாம் ஒண்ணும் கெடையாது. அவ பாவம், தனியா இருக்கா."

"எட்டுப் பேர் மேசை சார் அது."

"இருந்தாலும்."

"இடம் இல்ல சார். யாராவது வரலேன்னா கூப்பிடறோம். லிஸ்ட்ல உங்க பேரை எழுதிக்கறேன்."

"எப்ப கூப்பிடுவீங்க?"

"எப்ப வேணும்னாலும், சார்."

மூன்றாவது நாள் கூப்பிடவில்லை. நான்காவது நாளும் இல்லை. அவர் ஆறு மணியிலிருந்து போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மனைவி கேட்டபோது ஜன்னலில் மீன் தெரிகிறதா என்று பார்ப்பதாகச் சொன்னார். எனக்கும் உன்கூட உட்கார்ந்து சாப்பிட வேண்டும்போல் இருக்கிறது என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அதைச் சொன்னால் தனக்கும் ஒரு நேரம் உண்டு என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாதா? முப்பது வருஷத்துப் பேர் என்ன ஆவது?

ஐந்தாம் நாள் கடல் கொந்தளித்தது. அம்மையார் சுவரைப் பிடித்துக்கொண்டு, நேரத்துக்குக் கிளம்பிப் போய்விட்டார். ஆறு பத்துக்குப் போன் அடித்தது.

"சார், ஆறே கால் மேசையில ஒரு இடம் காலியா இருக்கு. ரொட்டிக் கடை தங்கச்சிக்குத் தலை சுத்தலாம், வரல. உங்க வீட்டம்மாவுக்குப் பக்கத்து நாற்காலிதான். கால் மணி நேரம் வெச்சிருப்போம். வர்றீங்களா?"

"இதோ வந்துட்டேன்" என்றார் நம்மவர்.

தயவுசெய்து நம்புங்கள், இந்தத் தடவை அவர் மனமாரத்தான் சொன்னார். சட்டை மாற்றினார், தலை சீவினார், மூன்று நிமிஷத்தில் அறையை விட்டு வெளியே வந்துவிட்டார். முப்பது வருஷத்தில் இது ஒரு சாதனை. இரண்டு மாடி கீழே இறங்க வேண்டும். லிஃப்டில் ஏறிப் பித்தானை அழுத்தினார். கதவு பாதி வந்தது, நின்றது, யோசித்தது, பிறகு மூடியது.

அந்தக் கதவு மட்டும் ஒழுங்காக மூடியிருந்தால் இந்த மனிதருடைய வாழ்க்கை வேறு மாதிரி போயிருக்கும். கீழே இறங்கியவர் ஓர் அடி எடுத்து வைத்தார். திரும்பினார். ஒரே ஒரு தடவை, கப்பல் சாய்வதால் நிற்கிறதா அல்லது கதவின் உருளை தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டால் போதும். மேலே போனார். கீழே வந்தார். கப்பல் இடது பக்கம் சாயும்போது இரண்டு நொடி, வலது பக்கம் சாயும்போது மூன்று நொடி பிந்தி மூடியது. சராசரி எடுக்க இன்னும் நாலு தடவையாவது போய் வர வேண்டாமா? போய் வந்தார். உருளைதான் தேய்ந்திருந்தது. மிகுந்த திருப்தியோடு அவர் சாப்பாட்டுக் கூடத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்தபோது மணி ஆறு ஐம்பத்திரண்டு.

மனைவிக்குப் பக்கத்து நாற்காலியில் கண்ணாடிக் கடைக்காரர் கழுத்தில் துணியைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லிஸ்டில் அடுத்த பேர் அவருடையது. போன் வந்ததும் வீட்டுச் செருப்போடு ஓடி வந்தாராம். மேசையில் எட்டுக் கிண்ணங்களிலிருந்தும் ஆவி பறந்துகொண்டிருந்தது. மாட்டு வைத்தியர் எதையோ சொல்ல, அம்மையார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். கடைசியாக அவள் இப்படிச் சிரித்து எப்போது பார்த்தோம் என்று நம்மவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். வரவில்லை.

அம்மையார் நிமிர்ந்தார். பார்த்தார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வாசலை நோக்கி நடந்து வந்தார்.

நம்மவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பழக்கம் என்றால் சும்மாவா? தான் உட்காராமல் அவளுக்கு இறங்குமா? ஏழு பேர், எட்டுக் கிண்ணம், எல்லாவற்றையும் விட்டுவிட்டு வருகிறாள்.

"நீ ஏம்மா எழுந்து வந்த" என்றார் கனிவோடு. "எனக்காக வெயிட் பண்ணாத. போய்ச் சாப்பிடு."

"வெயிட் பண்ணலங்க" என்றார் அம்மையார். "கதவைச் சாத்துங்க. காத்து வருது, சூப் ஆறிடும்."

சாத்தினார். வெளியிலிருந்து.

ஆறாம் நாள் அவர் ஐந்தே முக்காலுக்கே அந்தக் கதவுக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். தங்கை தேறி வந்துவிட்டாள். ஏழாம் நாளும் எட்டுப் பேரும் வந்தார்கள். அப்படி ஆரோக்கியமான ஒரு மேசை அந்தக் கப்பலில் வேறு கிடையாது. தூணுக்குப் பின்னாலேயே அவருடைய பயணம் முடிந்தது.

வீடு திரும்பிய அன்று இரவு எட்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருப்பதை அம்மையார் பார்த்தார்.

"பசிக்குதா?"

"சேச்சே. சும்மா உக்காந்தேன்."

அம்மையார் அடுப்படிக்குப் போனார். இரண்டு தட்டு எடுத்து வைத்தார். பரிமாறினார். ஆவி எழுந்து நம்மவருடைய மூக்குக்கண்ணாடியை மூடியது. தன் வீட்டுச் சாப்பாட்டில் ஆவி வரும் என்பது அவருக்குப் புதுச் செய்தி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கிற சாக்கில் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். அவள் உட்கார்ந்திருந்தாள்.

அவரை விடுங்கள், பிழைத்துக்கொண்டார். உங்கள் சங்கதிக்கு வருவோம். நீங்கள் இதைப் படிக்க ஆரம்பித்தபோது உள்ளேயிருந்து உங்களை ஒரு குரல் கூப்பிட்டது. இன்னும் ஒரு பக்கம்தான், முடித்துவிட்டு வருகிறேன் என்றீர்கள். நடுவில் இன்னொரு தடவை கூப்பிட்டது. கையை மட்டும் உயர்த்திக் காட்டினீர்கள். இப்போது கொஞ்சம் காதைக் கொடுத்துக் கேளுங்கள். கூப்பிடுகிற குரல் நின்றுவிட்டது, இல்லையா? அடுப்படியில் விளக்கு அணைந்திருக்கிறது. மேசைப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் வருகிறது.

ஆரம்பித்துவிட்டார்கள்.